கயிறு பிடிக்க ஓர் ஆள்

எங்கள் கார் பதினோரு மாதம் வேப்பமரத்தடியில் நின்றது. கார் ஷெட்டில் படகு இருந்தது.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டிய ஊர் எங்கள் வடக்கனந்தல். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் ஷெட்டுக்குள் பாய்மரப் படகு கட்டினால் ஊர் என்ன பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் பேசியதைவிட என் மனைவி நிர்மலா பேசியது ஜாஸ்தி.

“காரு மேல காக்கா எச்சம் காஞ்சி கல்லா கெடக்குது. அவனவன் ஷெட்ல காரு நிறுத்துவான். இந்த மனுசன் கப்பல நிறுத்திக்கினு இருக்காரு.”

நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டை வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அன்புச்செல்வன் என்ற பெயர் சம்பளச் சீட்டில்தான். என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னை ‘பாய்லர்’ என்றுதான் சொல்வார்களாம். ரிட்டையர் ஆகும் நாளில்தான் தெரிந்தது. அதற்கும் கோபப்பட்டேன்.

படகு யாருக்கு என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, நிர்மலாவுக்கு, சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தனுஷாவுக்கு. மாயவனுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பான். அவன் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

மாயவன் கோமுகி அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவன். நான்கு வருடத்துக்கு முன்னால் தனுஷா கல்லூரித் தோழிகளோடு அணைக்குப் போயிருந்தாள். கால் கழுவ இறங்கியவள் பாசியில் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. கிணறு வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாதது எங்கள் லட்சணம். வலை எடுத்துக்கொண்டிருந்த மாயவன் பரிசலைத் திருப்பி வந்து, தண்ணீரில் குதித்து, இடது கையால் அவளைப் பிடித்து, வலது கையால் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். கரையிலிருந்து ஆட்கள் நீந்தி வருகிறவரை இரண்டு கையையும் அவன் விடவில்லை. தனுஷா பிழைத்தாள். அவனுடைய வலது தோள் பிசகிப்போனது.

தோள் விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான் தட்டில் வேட்டி, புடவை, பழம், ஒரு மோதிரம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது, வெற்றிலையையும் ஒரு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தந்தான்.

“பாப்பா பொழச்சிக்கிச்சி இல்ல? அது போதும்ங்க.”

எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போனபோதுதான் கவனித்தேன். டீ டம்ளரை இடது கையால் நீட்டினான். வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. துடுப்புப் போட முடியாமல் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு செங்கல் சூளையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் மனைவி கொளஞ்சியம்மாள் கரும்பு வெட்டப் போனாள். நான் கத்தினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோள் இறுகிவிட்டது, முன்னமே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது காரில் அவன் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தான்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் கட்டிவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன். மறுநாள் விடிந்து பார்த்தால் மாடு எங்கள் வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பக்கத்தில் காலையில் கறந்த பால், தூக்கில், மூடி போட்டு. அதற்கடுத்த பொங்கலுக்கு வெறும் கையோடு போய் அவன் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டேன். இரண்டு மணி நேரம். கொளஞ்சியம்மாள் இரண்டு முறை டீ போட்டாள்.

“நன்றி சொல்றத வாங்கிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னாடா உரிமை?” என்று கேட்டேன்.

“டீய குடிங்க, ஆறிடும்” என்றான்.

தனுஷாதான் போனில் வழி சொன்னாள். “அப்பா, கையால துடுப்பு போட முடியலன்னா காத்து போடட்டுமே. சின்னதா ஒரு பாய்மரப் படகு. பன்னெண்டு அடி. வூட்லயே கட்லாம். வரைபடம் அனுப்பறன்.”

வரைபடம் வந்தது. எனக்கு உயிர் வந்தது. வரைபடத்தைப் பார்த்து இரும்பில் எதை வேண்டுமானாலும் செய்துவிடுவேன். மரத்துக்கு, கதவு நிலை செய்கிற இருசப்பனைக் கூப்பிட்டேன். புதுச்சேரியிலிருந்து தண்ணீரில் ஊறாத ப்ளைவுட்டும் ரெசினும் வந்தன. பாய்மரத்துக்கு மலையிலிருந்து முற்றிய மூங்கில். பாய்க்கு, கள்ளக்குறிச்சியில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் மஞ்சள் தார்ப்பாயைக் கொடுத்து முக்கோணமாகத் தைத்து வாங்கினேன். இது எந்த லாரிக்கு என்று அவர் கேட்டார். முக்கோண லாரிக்கு என்றேன்.

இருசப்பன் நல்ல வேலைக்காரர். ஆனால் வாழ்நாளில் வளைந்த பொருள் எதையும் செய்ததில்லை. “கோணையா இருக்குதுங்களே” என்று பலகையை நிமிர்த்திவிடுவார். நான் மறுபடியும் வளைப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பலகை பட்ட பாடு சொல்லி மாளாது. ஒட்டி, ஆணி அடித்து, ரெசின் பூசி முடித்ததும், ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் படகை விட்டுப் பார்ப்பதுதான் உலக வழக்கம். இருசப்பன் படகுக்குள் தண்ணீரை விட்டார். “உள்ள நின்னா வெளியவும் நிக்கும்ங்க. தொட்டிக்கு அப்பிடித்தான் பாப்பம்.” மோட்டார் போட்டு நிரப்பினோம். சொட்டுக்கூட ஒழுகவில்லை. நாங்கள் இருவரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது நிர்மலாவின் எருமை வந்து முகத்தைப் படகுக்குள் விட்டு வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனது. முதல் பயணி அதுதான் என்று நிர்மலா சொன்னாள்.

அன்றைக்குச் சிரித்தாள். அதற்கப்புறம் காரைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரு நாள் நான் சாப்பிட வந்து பார்த்தால், ஷெட்டில் தனியாக நின்று படகின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இத்தயாவது வாங்கிக்குவாராங்க?” என்று கேட்டாள்.

அதுதான் எனக்கும் பயம். சோறு இறங்காத பயம். என் மகள் உயிரோடு போனில் சிரிக்கும்போதெல்லாம் அவனுடைய தொங்கின தோள் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு வருடம் உழைத்துக் கட்டினதையும் அவன் திருப்பித் தந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? படகை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டால்?

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். ரிட்டையர் ஆனவனுக்குப் பொழுது போகவில்லை, படகு கட்டுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அணை உனக்குத்தான் தெரியும், முதல் நாள் நீ ஏறி ஓட்டிப் பார்த்துச் சொல் என்றேன். ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும். ஆசை வந்தபின் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்று கணக்குப் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

படகு முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. மலையில் கோடை மழை நன்றாகப் பெய்து அணையும் முக்கால் நிறைந்திருந்தது. ஆனால் நிர்மலா குறுக்கே நின்றாள்.

“ஆடியில எவனாவது புதுசா ஒண்ணத் தொடங்குவானா? அதுவும் நம்ம பொண்ணு போய் வந்த தண்ணியில? ஆவணி மொத முகூர்த்தத்துல வுடுங்க. அதுவரைக்கும் ஷெட்டுக் கதவ நான் தெறக்க மாட்டேன்.”

வேறு விஷயமென்றால் கத்தியிருப்பேன். அந்தத் தண்ணீர் விஷயத்தில் அவளிடம் எனக்கு வாய் எழாது. ஆடி முழுக்கக் காத்திருந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வாழைத்தோப்பே படுத்தது. ஷெட்டுக்குள் மூங்கில் பாய்மரம் தகரத்தில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. நான் கட்டிலில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. டிராக்டர் ட்ரெய்லரில் படகை ஏற்றி அணைக்குக் கொண்டுபோனோம். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. நிர்மலா சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள். தனுஷா வாங்கி அனுப்பியிருந்த மிதவைச் சட்டையை மாயவன் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு ஏறினான். கொளஞ்சியம்மாள் கரையில் நின்றாள். படகை நாங்கள் தள்ளிவிட்டோம். அது மிதந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது மிதந்த அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிதந்தது, நகரவில்லை.

இலை அசையவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மஞ்சள் பாய் துணிக்கொடியில் காயப்போட்ட புடவை மாதிரித் தொங்கியது. கரையிலிருந்து இருபது அடியில் படகு நின்றது. அரை மணி நேரம் நின்றது. மாயவன் இடது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“எரும தண்ணியில படுத்துக்கினா மாதிரி இல்ல இருக்குது” என்று ஒருவன் சொன்னான். கரை முழுக்கச் சிரித்தது.

பாய்லர் வெடித்துவிட்டது.

“சிரிக்காதீங்கடா! இது எனக்குக் கட்டினதுன்னா நெனச்சிக்கினீங்க? அதோ ஒக்காந்துக்கினு இருக்கான் பாருங்க, அவனுக்குக் கட்டினது! எம்பொண்ணுக்காகத் தோள உட்டவன் அவன். ஒரு வருசம் இதுக்காக நாயா ஒழச்சிருக்கன். எவனாவது பல்லக் காட்டினீங்க...”

சிரிப்பு நின்றது. அதோடு என் ரகசியமும் போயிற்று. மாயவன் படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். படகைக் கரைக்கு இழுத்து வந்து கல்லில் கட்டினான். மிதவைச் சட்டையைக் கழற்றி உள்ளே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. கொளஞ்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

“வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு நிர்மலா அழுதாள். வீட்டுக்கு வந்து நான் காலியான ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு மனிதனுக்கு நன்றி சொல்லப் போய் நாலு பேர் முன்னால் அவனைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. மாயவன் நின்றான். நான்கு வருடத்தில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். மாட்டைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போன விடியற்காலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

“உள்ள வாங்கண்ணே” என்று நிர்மலா ஓடிவந்தாள். அவன் இருசப்பன் விட்டுப்போன மரக்கட்டை மேல் உட்கார்ந்துகொண்டான்.

“ஏங்க, நான் ஏன் எதயும் வாங்கலன்னு எப்பனாச்சும் ரோசன பண்ணீங்களா?” என்று கேட்டான்.

“திமிரு” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் சிரித்தான். “அந்தத் தட்ட வாங்கிக்கினு இருந்தன்னா, தீந்துபோயிருக்கும்ங்க. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்க தெருவுக்கு உங்க ஆளுங்க எதுக்கு வருவாங்க? ஓட்டு கேக்க வருவாங்க, கரும்பு வெட்ட ஆளு கூப்பிட வருவாங்க. தெரு மொனையிலயே நின்னு பேசிட்டுப் போவாங்க. நீங்க வந்து வாசல்ல ஒக்காந்து, எங்க டம்ளர்ல டீ குடிச்சி, ரெண்டு மணி நேரம் சண்ட போட்டீங்க. நீங்க போன பின்னாடி கொளஞ்சி ஒரு வாரம் அதயே பேசிக்கினு இருப்பா. வாங்கிட்டா, மறு வருசம் யாரு வருவாங்க?”

அவன் சொன்னது நிஜம். அந்த மோதிரத்தை அவன் வாங்கியிருந்தால் நான் அன்றே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்த பொங்கலுக்கு ஒரு கரும்புக்கட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பேன். அதற்கடுத்த பொங்கலுக்கு அதுவும் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்பதை என்னைவிட அவன் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான்.

“படகு நல்லாத்தான் இருக்குது” என்று அவனே தொடர்ந்தான். “ஆனா ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காதீங்க. ஒத்தக் கைக்காரனுக்கு எதுக்கு ரெண்டு கை படகு?”

“இன்னா சொல்ற?”

“சுக்கான ஒரு கை புடிக்கணும். பாயிக் கயித்த இன்னொரு கை புடிக்கணும். காலைல ஏறி ஒக்காந்ததும் பாத்தன். சுக்கான் இந்தக் கையில. கயிறு எந்தக் கையில?”

நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆலையில் ஒரு பேரிங் மாற்றுவதென்றால்கூட, அந்த மெஷினை ஓட்டுகிறவனைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொட மாட்டேன். இருபத்தெட்டு வருடம் அதுதான் என் சட்டம். ஜூனியர்களை அதற்காகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இங்கே பதினோரு மாதம் வேலை செய்திருக்கிறேன், ஓட்டப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரகசியமாம் ரகசியம்.

“கயித்தக் கட்டிப் போட்டுட்டா?” என்றேன், விடாமல்.

“காத்து திடீர்னு அடிச்சா கவுத்துடும்ங்க. கையிலதான் இருக்கணும்.” அவன் எழுந்தான். “அதனால கயிறு புடிக்க ஒரு ஆளு வேணும். சும்மா ஒரு நாளைக்கில்ல, தெனமும். சம்பளம் கெடயாது, மீனு உண்டு. நீங்க வர்றதா இருந்தா படக வாங்கிக்கறன். இல்லன்னா நாளைக்கிக் கொண்டாந்து வேப்பமரத்துல கட்டிடுவன்.”

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நீச்சல் தெரியாதவன். அந்த விபத்துக்குப் பிறகு அணைத் தண்ணீரில் கால் நனைக்காதவன். அவனுக்கு அதுவும் தெரியும்.

“காத்தே இல்லியே” என்று இழுத்தேன்.

“விடியக்காலைல எந்தக் காத்து வரும்? மூணு மூணர மணிக்கு மேலதான் மலையிலேர்ந்து எறங்கும். இப்ப வந்துக்கினு இருக்கும். வாங்க போலாம்.”

நிர்மலா காலண்டரைப் பார்த்தாள். “இன்னிக்கி ஞாயித்துக்கெழம. நீங்க போயி ஏறறதுக்குள்ள நாலர ஆயிடும். ராவு காலம்ணே.”

மாயவன் அவளைப் பார்த்தான். மெதுவாகத்தான் சொன்னான். “பாப்பாவத் தூக்கினதும் ஒரு ஞாயித்துக்கெழமதாம்மா. அஞ்சு மணி இருக்கும்.”

நிர்மலா உள்ளே போய் என் செருப்பை எடுத்துவந்து வாசலில் போட்டாள்.

அணையில் யாரும் இல்லை. காலையில் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன அலை. கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மிதவைச் சட்டையை மாட்டி, அதன் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். மாயவன் என்னை முன்னால் உட்காரவைத்துக் கயிற்றைக் கையில் கொடுத்தான்.

“இழுத்துப் புடிங்க. நான் சொல்லும்போது கொஞ்சம் தளத்துங்க. முழுசா மட்டும் உட்டுடாதீங்க.”

இழுத்தேன். மஞ்சள் தார்ப்பாய் படபடவென்று அடித்தது, பிறகு ஒரே சத்தத்தோடு விரிந்தது. படகு சாய்ந்தது. அப்புறம் படகு ஓடியது. துடுப்பு இல்லை, மோட்டார் இல்லை, இருசப்பன் நிமிர்த்தி நான் வளைத்த அந்தப் பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். மாயவன் இடது கையில் சுக்கானை வைத்துக்கொண்டு சிரித்தான். நான்கு வருடமாகச் செங்கலுக்குக் காவல் இருந்த மனிதனின் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். தண்ணீரில் அவனுக்கு வேறு முகம் இருந்தது.

நடு அணைக்கு வந்து திரும்பிக் கரையோரப் படிக்கட்டுப் பக்கமாக அவன் படகை விட்டான்.

“இங்கதாங்க” என்றான்.

எதுவென்று நான் கேட்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் போலத்தான் அங்கேயும் தண்ணீர் இருந்தது, பச்சையாக, அலை அடித்துக்கொண்டு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. தட்டும் மோதிரமும் மாடும் படகும் கொண்டுபோய்க் கொடுத்தேனே தவிர, நான்கு வருடத்தில் அந்த ஒரு வார்த்தையை அவன் முகத்தைப் பார்த்து நான் சொன்னதே இல்லை. கத்தியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

“மாயவா” என்றேன். “ரொம்ப நன்றிடா. எம்பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்தியே. அத்த நான் செத்தாலும் மறக்க மாட்டன்டா.” கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைப்பதற்குக் கையைத் தூக்கினேன்.

இந்த முறை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“சரிங்கண்ணே” என்றான். “கயித்த உட்டுடாதீங்க.”

நான் விடவில்லை.